நீலக்கோட்டுக்குள் ஒரு சாலை

“எங்க, காட்டு பாக்கலாம்,” என்றார் ஜட்ஜ் லோவெல் ஸ்டேசி. “ரோடு இருந்தா விரலை வச்சுக் காட்டும்மா.”

கென்ட்ரா நேப்பியர் விரலை வைத்தாள். மேஜைமேல் விரித்துப் போட்டிருந்த 1914ஆம் வருஷத்து வரைபடத்தில், ஹேசல் ஓடை என்று சாய்வெழுத்தில் எழுதியிருந்த நீலக் கோட்டின்மேல் வைத்தாள்.

“அது ஓடை.”

“ஓடைதான் ரோடு.”

“ஓடை நீலம். ரோடு கறுப்பு. சர்வே படிச்ச பொண்ணு நீ. உனக்கு நான் சொல்லணுமா?”

கென்ட்ராவுக்குக் காது மடல் சூடானது. இந்த மாதத்தில் அவள் இந்த அறைக்கு வருவது இது நான்காவது தடவை. ஜட்ஜ் என்று பெயரே தவிர அவர் வாழ்நாளில் ஒரு வழக்கைக்கூட விசாரித்தவர் இல்லை. கென்டக்கி மாநிலத்தில் கவுன்ட்டி என்கிற மாவட்டத்தின் தலைவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். தேர்தலில் ஜெயிப்பதற்கு முன்னால் சோபா விற்றுக்கொண்டிருந்தார். இன்றைக்கும் எதிரில் வருகிறவர்களிடம் சோபாவில் உட்காரச் சொல்கிற குரலில்தான் பேசுவார். அந்தக் குரலைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன ஜூலை வெள்ளம், ஹேசல் ஓடை ஆற்றில் கலக்கும் வாயருகே இருந்த சிமென்ட் பாலத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பாலம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு குழாய், மேலே ஒரு அடுக்கு சிமென்ட். மாமன் மச்சான்கள் கூடி ஒரு சனிக்கிழமை கொட்டியது. அதற்கு அந்தப்புறம் மலையிடுக்கில் ஆறு வீடு. ஆறில் ஒன்றில் அவள் அம்மா வெர்டா தனியாக இருக்கிறாள். அம்மாவுக்குத் திங்கள், புதன், வெள்ளி டவுனில் டயாலிசிஸ். ஓடைத் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருந்தால், டென்வர் மாமாவின், கல்லிலும் சேற்றிலும் ஓடுகிற குட்டி நாலுசக்கர வண்டியில் கடந்து வந்துவிடலாம். ஏறினால் முடியாது. ஜனவரியில் இரண்டு தடவை முடியவில்லை. இரண்டாவது தடவை அம்மாவின் முகம் வீங்கிக் கண் இரண்டும் கீற்றாகி, மூச்சு வாங்க, மாமா அவளை இடுப்பில் கயிறு கட்டி இக்கரைக்குக் கொண்டுவந்தார்.

வெள்ள நிவாரணத்தில் பாலம் கட்டித் தருவார்கள். ஆனால் பொதுச் சாலைக்கு மட்டும்தான். கவுன்ட்டிக் கணக்கில் ஹேசல் ஓடை தனியார் வழி. பாலங்களின் பட்டியல் வியாழக்கிழமைக் கூட்டத்தோடு மூடுகிறது. இன்று செவ்வாய்.

“ஜட்ஜ், இங்க பாருங்க.” கென்ட்ரா குரலைக் கீழே பிடித்து வைத்துக்கொண்டு பேசினாள். “இந்தக் கறுப்புக் கட்டம், மேல கொடி போட்டது, பள்ளிக்கூடம். இந்தச் சிலுவை சர்ச். இது மாவு மில். இதுங்க எல்லாம் வீடு, பதினோரு வீடு. ஒரு ரோடு கிடையாது, ஒத்தையடிப் பாதை கிடையாது. புள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குப் பறந்து போச்சுங்களா? மில்லுக்கு மக்காச்சோளத்தைக் காக்கா தூக்கிட்டு வந்துச்சா?”

“அதை நீ படம் போட்டவனைத்தான் கேக்கணும்.”

“அவன் செத்து எழுபது வருஷம் ஆயிருக்கும். அவன் என்ன பண்ணினான்னு நான் சொல்றேன். அப்பல்லாம் இடுக்குல ரோடு போட இடமே கிடையாது. ஓடைப் படுகைதான் ரோடு. மாட்டு வண்டி, கோவேறு கழுதை, சவப்பெட்டி, கல்யாணம், எல்லாமே தண்ணிக்குள்ளதான். எங்கேயோ வாஷிங்டன்ல உக்காந்து வரைஞ்சவனுக்கு ஒரே இடத்துல நீலத்தையும் கறுப்பையும் எப்படிப் போடறதுன்னு தெரியல. கறுப்பை விட்டுட்டான்.”

“இருக்கலாம்,” என்றார் ஜட்ஜ். “நான் இல்லன்னு சொல்லலயே. ஆனா தணிக்கைக்கு வர்றவன் கதை கேக்க மாட்டான் கண்ணு, காகிதம் கேப்பான். பொதுச் சாலைன்னு காட்ட ஒரு காகிதமும் இல்லை. பொதுச் சாலை இல்லன்னு காட்டத்தான் ஒண்ணு இருக்கு.”

இழுப்பறையிலிருந்து ஒரு கோப்பினை எடுத்து, அதிலிருந்த ஒற்றைத் தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். நேற்றுத்தான் எழுத்தர் தேடிக் கண்டுபிடித்தாராம். தட்டச்சு செய்த தாள். 1979 மார்ச்.

‘ஹேசல் ஓடைவாசிகளாகிய நாங்கள் வேதாகமத்தின்மேல் கை வைத்து உறுதி கூறுவது யாதெனில், இவ்விடுக்கில் பொதுச் சாலை என்று ஒன்று எக்காலத்திலும் இருந்ததில்லை. இத்துடன் இணைத்துள்ள அரசாங்க வரைபடமே இதற்குச் சாட்சி.’

கீழே பதினான்கு கையெழுத்து. முதல் கையெழுத்து அம்மாவைப் பெற்ற தாத்தா, ஹோபர்ட் ஃபுகேட். இரண்டாவது டென்வர் மாமா. மூன்றாவது, பள்ளிக்கூடத்துப் பெண்ணின் உருண்டை எழுத்தில், வெர்டா ஃபுகேட்.

அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய பெயர்.

“வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்திருக்கலாம்,” என்றார் ஜட்ஜ், சோபாக் குரலில்.

*

வண்டி ஓடைக்குள் இறங்கியபோது தண்ணீர் தெறித்து அவள் காலுறை நனைந்தது. முன்னால் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்த டென்வர் மாமா திரும்பாமலே கேட்டார்: “என்ன காலேஜு, மூஞ்சி ஏன் அப்படி இருக்கு?”

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். பெருமையாகச் சொல்கிறார்களா குத்துகிறார்களா என்று அவளால் இதுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டும்தான் போல.

“1979ல ஒரு காகிதத்துல கையெழுத்துப் போட்டீங்களா மாமா?”

வண்டி ஒரு கல்லில் ஏறி இறங்கியது. “போட்டிருப்பேன். அப்பல்லாம் நான் நிறையப் போடுவேன்.”

வீட்டுக்குள் பீன்ஸ் வேகும் வாசனை. கென்ட்ரா காலணியைக்கூடக் கழற்றவில்லை. “அம்மா, உனக்கு பீன்ஸ் ஆகாதுன்னு டாக்டர் எத்தனை தடவை சொன்னாரு?”

“இது எனக்கு இல்லடி. டென்வருக்கு.”

“வாய்ல என்ன?”

“உப்புப் பாத்தேன்.”

அம்மா அந்தப் பழைய இரும்பு அடுப்பின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மின்சார அடுப்பு வாங்கிக் கொடுத்து நாலு வருஷம் ஆகிறது. அதன்மேல் பூந்தொட்டி வைத்திருக்கிறாள். கென்ட்ரா கைபேசியில் எடுத்து வந்த படத்தை நீட்டினாள். அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து, துடைத்து, மாட்டிக்கொண்டு, தன் கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அப்ப என் எழுத்து எவ்வளவு அழகா இருந்திருக்கு பாரு,” என்றாள்.

“அம்மா!”

“கத்தாதடி. காது கேக்குது.”

“ரோடே இருந்ததில்லன்னு பைபிள்ல கை வச்சு எழுதிக் கொடுத்திருக்கீங்க. பதினாலு பேர்! ஒருத்தருக்காவது புத்தி வேணாம்? அந்த வரைபடத்தையே சாட்சிக்கு வச்சிருக்கீங்க! நான் ஒரு மாசமா அந்தாளு மேஜைமேல தொங்கிக்கிட்டு, ஓடைதான் ரோடு, ஓடைதான் ரோடுன்னு கத்திக்கிட்டு இருக்கேன். ஒரு தடவையாவது ‘கென்ட்ரா, இப்படி ஒண்ணு இருக்குடி’ன்னு வாயத் திறந்தியா?”

“மறந்து போச்சு.”

“மறந்து போகல,” என்றார் டென்வர் மாமா. தட்டை எடுத்து வைத்துக்கொண்டு தானே பீன்ஸைச் சாறோடு ஊற்றிக்கொண்டார். மக்காச்சோள ரொட்டியை அதில் பிட்டுப் போட்டார். “அந்த வருஷம் நிலக்கரிக் கம்பெனி மேல் மலையை வாங்கிச்சு. எங்க இடுக்கு வழியா லாரி விடணும்னாங்க. நாள் ஒண்ணுக்கு அறுபது லாரி. கேட்டா, இது ஆதியிலேர்ந்து பொது ரோடு, எவனும் தடுக்க முடியாதுன்னு அவங்க வக்கீல் சொன்னான். உங்க தாத்தா நேரா கோர்ட்டுக்குப் போயி, இந்த மேப்பை வாங்கிப் பாத்தாரு. பாத்தா, ரோடே இல்ல! அரசாங்கமே ரோடு இல்லன்னு சொல்லுது, நாம ஏன் இருக்குன்னு சொல்லணும்னாரு. எல்லாரும் போயி சத்தியம் பண்ணினோம். லாரி வரல. மலையைச் சுத்தி அந்தப் பக்கமா போச்சு. அந்தப் பக்கத்து இடுக்குல இப்ப ஒரு கிணத்துலயாவது குடிக்கிற தண்ணி இருக்கா, போய்ப் பாத்துட்டு வா.”

“பொய் சத்தியம் மாமா.”

“நல்லா வேலை செஞ்சுது.”

“இப்பவும் நல்லாத்தான் வேலை செய்யுது! அம்மா அக்கரைக்குப் போக முடியாம சாகற அளவுக்கு வேலை செய்யுது!”

மாமா கரண்டியை மெல்லத் தட்டில் வைத்தார்.

இவர்களிடம் கோபப்படுவது மழையிடம் கோபப்படுவது மாதிரி என்று கென்ட்ராவுக்குத் தோன்றியது. தாத்தா செய்ததில் தப்பு இருக்கிறதா என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது. அவள் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

*

புதன்கிழமை ஓடை தணிந்திருந்தது. அம்மாவை டயாலிசிஸில் விட்டுவிட்டு, கென்ட்ரா தான் வேலை பார்க்கும் சர்வே அலுவலகத்துக்குப் போய் வரைபடத்தைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பழுப்பில் மலையின் உயரக் கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, கட்டைவிரல் ரேகை மாதிரி. நடுவில் நீலம். பள்ளிக்கூடத்துக் கட்டத்துக்குச் சற்றுக் கீழே, நீலக் கோட்டை ஒட்டி, எறும்பு அளவுக்கு ஒரு கறுப்புப் பெருக்கல் குறி. பக்கத்தில் 1027.

இதை அவள் முன்பே பார்த்திருந்தாள். பார்த்து, ஓடைக் கரையில் உயரத்தைக் குறித்த ஏதோ மட்டக்குறி என்று தாண்டிப் போயிருந்தாள். இப்போது முதுகு நிமிர்ந்தது. கடல் மட்டத்திலிருந்து இவ்வளவு அடி என்று பொறித்த பித்தளை வில்லையை அந்தக் காலத்து சர்வேயர்கள் கண்ட இடத்தில் பதிக்க மாட்டார்கள். மட்டக் கருவியையும் அளவுகோலையும் தூக்கிக்கொண்டு மைல் கணக்கில் நடப்பவர்கள், ரோடு வழியாகத்தான் போவார்கள். ரோடு வழியாகத்தான் பதிப்பார்கள். பதித்ததை ஒன்று விடாமல் எழுதி வைப்பார்கள்.

அந்தப் பட்டியலைத் தேடி எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. மங்கலாக ஸ்கேன் செய்த பக்கம். ஒரே ஒரு வாக்கியம்:

‘ஹேசல் ஓடை வாய்க்கு மேலே ஒன்றேகால் மைல், பள்ளிக்கூடத்துக்குக் கீழே நூறு அடி, சாலையின் நடுவில் உள்ள பெரும்பாறையில் பதித்த வில்லை, 1027 என்று பொறித்தது.’

சாலையின் நடுவில்.

அலுவலகத்தில் யாரும் இல்லாததால் அவள் மேஜையை ஓங்கித் தட்டினாள். காபி கொட்டியது.

மத்தியானம் இடுப்பு வரை ரப்பர் காலணி மாட்டிக்கொண்டு ஓடையில் இறங்கினாள். பிப்ரவரித் தண்ணீர். பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது அடித்தளக் கல் நாலும் முள்ளுப்புதரும்தான். அங்கிருந்து கீழே நூறு அடி அளந்தாள். பாறை இருந்தது. வண்டிச் சக்கரம் ஏறி ஏறி இரண்டு பள்ளம் விழுந்த பாறை, ஓடைக்கு நட்டநடுவில். பாசியைக் கத்தியால் சுரண்டினாள். கத்தி நழுவிக் கை கீறியது. கத்தியைப் பிடிக்க முடியாத அளவுக்கு விரல் மரத்துப் போனபோது, ஒரு துளை தட்டுப்பட்டது. துரப்பணம் போட்ட வட்டமான துளை. சுற்றிலும் உளியால் கொத்திய தடம்.

வில்லை இல்லை. யாரோ கொத்தி எடுத்திருக்கிறார்கள்.

அவள் பாறைமேல் உட்கார்ந்து கெட்ட வார்த்தையாகத் திட்டினாள். படம் போட்டவனை, கொத்தி எடுத்தவனை, ஜட்ஜை, நிலக்கரியை, எல்லாரையும். வெறும் துளையைக் காட்டினால் ஜட்ஜ் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். ‘பாறையில ஓட்டை இருக்கு கண்ணு. ஆயிரம் பாறையில இருக்கு.’

வீட்டுக்கு வந்தபோது பல் கிட்டித்தது. மாமா அம்மாவை அப்போதுதான் கொண்டுவந்து விட்டிருந்தார். டயாலிசிஸ் முடிந்த நாளில் அம்மா பிழிந்துபோட்ட துணி மாதிரி இருப்பாள். அப்படியே நாற்காலியில் கிடந்தபடி மகளின் ஈரத்தையும் கைக் காயத்தையும் பார்த்தாள்.

“எங்கடி விழுந்த?”

“விழல. பாறையில ஒரு பித்தளை வில்லை இருக்கணும். அதைத் தேடினேன். பிடுங்கிட்டாங்க. நாளைக்குக் காலையில வெளிச்சம் வந்ததும் கீழ் மடுவுல தேடிப் பாக்கறேன். வெள்ளத்துல உருண்டிருக்கலாம்.”

அம்மா டென்வர் மாமாவைப் பார்த்தாள். மாமா கூரையைப் பார்த்தார்.

“தேடாத,” என்றாள் அம்மா.

“ஏன்?”

“தண்ணி ஜில்லுனு இருக்கும்.”

“தெரியும், இப்பத்தான் வந்தேன். ஏன் தேடக் கூடாது?”

“அது மடுவுல இல்ல.”

கென்ட்ரா துவாலையைக் கீழே இறக்கினாள். அம்மாவின் கண் ஒரு நொடி இரும்பு அடுப்பின் பின்னங்கால் பக்கம் போய்த் திரும்பியது. ஒரு நொடிதான். போதும்.

அவள் தரையில் படுத்து எட்டிப் பார்த்தாள். அடுப்பின் இடது பின்னங்கால், ஒரு வட்டத் தகட்டின்மேல் நின்றது. சிறு வயதில் குளிர்காலத்தில் இந்த இடத்தில்தான் காலை நீட்டிப் படுப்பாள். கட்டைவிரலுக்கு அந்த வழவழப்பு தெரியும். குழாய் மூடி என்று நினைத்திருந்தாள். யாரும் அவளுக்கு வேறு எதுவும் சொன்னதில்லை.

“மாமா, கடப்பாரை.”

“அடுப்பு சூடா இருக்கு.”

“கடப்பாரை!”

மாமா நெம்ப, அவள் இழுத்தாள். தரைப்பலகையில் தாத்தா அளவாகத் துளை போட்டு வில்லையின் காம்பை இறக்கியிருந்தார். முகப்பு மேலே. கரியைத் துடைத்ததும் எழுத்துகள் வந்தன. நடுவில் 1027. விளிம்பைச் சுற்றி, இந்தக் குறியைச் சேதப்படுத்துவோருக்கு அபராதம் அல்லது சிறை.

“ரோடு இல்லன்னு எழுதிக் கொடுத்த அன்னிக்குச் சாயங்காலம் எங்கப்பா போயி கொத்தி எடுத்துட்டு வந்தாரு,” என்றாள் அம்மா. “கம்பெனிக்காரன் கண்ல பட்டா காரியம் கெட்டுடும்னு. எறிஞ்சுடுங்கன்னு நான் சொன்னேன். நல்ல பித்தளையாச்சேன்னாரு. இந்த மூலை அப்பவே தாழ்ந்து போச்சு, பாத்திரம் சாயும். கரெக்டா உக்காந்துச்சு.”

“நாப்பத்து நாலு வருஷமா இதுமேல சமைச்சிருக்க.”

“ஜெயில்னு எழுதியிருக்குல்ல? யாருகிட்டடி சொல்லுவேன்?”

கென்ட்ராவுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, “நாளைக்குக் கூட்டத்துக்கு வரணும் நீ,” என்றாள். “இதை நான் மட்டும் எடுத்துட்டுப் போனா, எங்கேர்ந்து பொறுக்கினன்னு கேப்பாங்க. எங்க இருந்துச்சு, யார் எடுத்தாங்கன்னு நேர்ல பாத்தவங்க சொல்லணும்.”

“மாட்டேன்.”

“அம்மா...”

“எங்கப்பா பொய் சொன்னாருன்னு ஊருக்கு நடுவுல நின்னு நான் சொல்லணுமா? நான் பொய் சொன்னேன்னு? என் கை பைபிள்மேல இருந்துச்சுடி. சர்ச்சுல ஞாயித்துக்கிழமை எந்த மூஞ்சியோட உக்காருவேன்?”

“சரி, உக்காராத. படுத்துக்கோ. சவப்பெட்டியில படுத்துக்கிட்டே சர்ச்சுக்குப் போ. அதையும் தூக்கிட்டு ஓடைக்குள்ளதான் போகணும், அந்தக் காலம் மாதிரியே!”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

*

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு அம்மா சர்ச்சுக்குப் போகிற நீலப் பாவாடையில் கூட்ட அறையின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. காலையில் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். பக்கத்தில் டென்வர் மாமா. “வாயத் திறக்க மாட்டேன்” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

கென்ட்ரா வரைபடத்தை விரித்தாள். பட்டியலின் பக்கத்தை வாசித்தாள். ‘சாலையின் நடுவில்’ என்பதை இரண்டு தடவை வாசித்தாள். பாறையின் புகைப்படம், துளையின் அளவு, காம்பின் அளவு. கடைசியில் வில்லையை மேஜைமேல் வைத்தாள். கவுன்ட்டிச் சபை உறுப்பினர்கள் நாலு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

ஜட்ஜ் அதைக் கையில் எடுத்து எடை பார்த்தார். “அழகா இருக்கு. ஆனா கண்ணு, இதை உங்க வீட்டுலேர்ந்து எடுத்துட்டு வந்திருக்க. இது அந்தப் பாறையில இருந்துச்சுங்கறதுக்கு யார் சாட்சி? துளையும் காம்பும் ஒரே அளவுங்கற. எல்லாத் துரப்பணமும் ஒரே அளவுதான். இந்தப் பக்கம் பதினாலு பேர் சத்தியம் பண்ணி...”

“அதுல ஒண்ணு என்னோடது, லோவெல்.”

அம்மா எழுந்து நின்றிருந்தாள். முன் நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். இடது முன்கையில் டயாலிசிஸ் ஊசிக்கட்டு வெள்ளையாகத் தெரிந்தது.

“நான் வெர்டா. ஹோபர்ட் ஃபுகேட் பொண்ணு. நான் அன்னிக்குப் பொய் சொன்னேன். எங்கப்பாவும் சொன்னாரு. ரோடு இருந்துச்சு. அந்த ரோட்டுலதான் நான் ஸ்கூலுக்குப் போனேன், முழங்கால் வரைக்கும் நனைஞ்சுக்கிட்டு, செருப்பைக் கழுத்துல கட்டித் தொங்கவிட்டுக்கிட்டு. எங்கம்மாவைப் புதைக்க அதுலதான் கொண்டு போனோம். இந்த வில்லையை எங்கப்பா பாறையிலேர்ந்து எடுத்தப்ப லாந்தர் பிடிச்சது நான்தான்.”

அறையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

“உங்கப்பா ஆர்வில் தபால்காரரு. வாரம் மூணு நாளு கோவேறு கழுதைமேல வருவாரு. எந்த வழியா வந்தாரு லோவெல்? அவரு காலை எங்க வீட்டு அடுப்புலதான் காய வைப்பாரு. எங்கம்மா காபி குடுப்பா. அந்தக் கழுதை பேரு கூடச் சொல்லட்டுமா?”

“ஜெஸி,” என்றார் ஜட்ஜ், தன்னையறியாமல். யாரோ சிரித்தார்கள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “வெர்டாக்கா, நீங்க சத்தியப் பிரமாணத்தை மாத்தறீங்க. புரியுதா? கவுன்ட்டி அதை நம்பித்தான் அன்னிக்கு லாரியை நிறுத்துச்சு.”

“நிறுத்தினதுக்கு உங்களுக்குப் புண்ணியம். அந்தப் பொய்க்கு நான் கடவுள்கிட்ட பதில் சொல்லிக்கறேன், அது எங்க ரெண்டு பேருக்குள்ள. உன்கிட்ட நான் மன்னிப்புக் கேக்க வரல. பாலம் கேக்க வந்தேன்.”

அவளுக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்தாள். டென்வர் மாமா தொப்பியைக் கழற்றி, எழுந்து, “நானும் பொய்தான் சொன்னேன். ரெண்டாவது கையெழுத்து,” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்து தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார்.

நாலு கையும் உயர்ந்தன. கடைசியில் ஜட்ஜின் கையும். ஹேசல் ஓடையின் வாயிலிருந்து சர்ச் வரை ஓடை வழியே செல்லும் பாதை, பழைய பொதுச் சாலையாக ஏற்கப்பட்டது. வில்லை ஆவணமாகக் கோப்பில் சேர்க்கப்பட்டது. “ஆனா ஒண்ணு,” என்றார் ஜட்ஜ். “பாலப் பட்டியலை கம்ப்யூட்டர்தான் வரைபடத்துலேர்ந்து எடுக்கும். அஞ்சு மணிக்கு அனுப்பியாகணும். அதுக்குள்ள ரோடு படத்துல ஏறணும்.”

மணி நாலேகால்.

*

வரைபட அறையில் ஜெனிவா என்ற நடுவயதுப் பெண் இருமல் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, திரையில் நீலக் கோட்டின்மேல் சிவப்புக் கோட்டை இழுத்தாள். டுங் என்று ஒரு சத்தம். செவ்வகம் ஒன்று குதித்து வந்தது.

“ஏத்துக்க மாட்டேங்குது,” என்றாள்.

“ஏன்?”

“ரோடு தண்ணிக்குள்ள இருக்க முடியாதாம்.”

கென்ட்ரா கண்ணை மூடிக்கொண்டாள். நூற்றுப் பத்து வருஷம். பேனா போய்க் கம்ப்யூட்டர் வந்தாயிற்று. அதே முட்டாள்தனம், எழுத்துப் பிசகாமல்.

“இன்னொரு தடவை போடுங்க.”

டுங்.

“கொஞ்சம் தள்ளிப் போடலாமா? கரைமேல?”

“தீர்மானத்துல ஓடை வழியேன்னு இருக்கே. தள்ளிப் போட்டா அது வேற ரோடு,” என்றாள் ஜெனிவா. மிட்டாயை மறு கன்னத்துக்கு மாற்றினாள். நாலரை. நாலு முப்பத்தைந்து. யாருக்கோ போன் செய்தாள், அவன் எடுக்கவில்லை. அம்மா கதவோரத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, இறக்கிவிடும் நிறுத்தத்துக்குக் காத்திருக்கும் பயணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

“ஏன்மா ஜெனிவா,” என்றாள் அம்மா. “தண்ணிமேல ரோடு போற இடமே உங்க கம்ப்யூட்டர்ல கிடையாதா? ஆத்துமேல நெடுஞ்சாலை போகுதே.”

“அது பாலம் ஆச்சே. பாலம்னு போட்டா ஏத்துக்கும்.”

“அப்ப பாலம்னு போடு.”

ஜெனிவா கென்ட்ராவைப் பார்த்தாள். கென்ட்ரா ஜெனிவாவைப் பார்த்தாள். ஜெனிவா நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஓடை வாயில் ஒரு பாலம். கோடு அங்கே உட்கார்ந்தது. அங்கிருந்து மேலே போக, கம்ப்யூட்டர் ஒவ்வொரு வளைவிலும் நின்று கேட்டது. பாலமா? மொத்தம் பதினோரு தடவை. மற்ற பத்துக்கும் ‘இறங்கிக் கடக்கும் இடம்’ என்று ஒரு வழி இருப்பதை ஜெனிவா அதற்குள் கண்டுபிடித்துவிட்டாள்.

“பதினொண்ணும் பாலம்னே போட்டுடேன்,” என்றாள் அம்மா.

“அம்மா, போதும். ஒரு நாளைக்கு ஒரு பொய் போதும்.”

நாலு ஐம்பத்தொன்றுக்கு, ஹேசல் ஓடையின் நீலக் கோட்டுக்குள் ஒரு சிவப்புக் கோடு நின்றது. பட்டியலில் முப்பத்தெட்டாவது பாலம். கட்டி முடிய அடுத்த வருஷ இலையுதிர் காலம் ஆகலாம் என்று ஜெனிவா சொன்னாள். கென்ட்ரா திட்ட வாயெடுத்து, நாளை வெள்ளிக்கிழமை என்று நினைவு வர, வானத்தைப் பார்க்க வெளியே போனாள். மேகம் இல்லை. நாளை ஒரு நாள் தப்பித்தாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பீன்ஸ் சட்டியைச் சூடாக்க வைத்தாள். டென்வருக்குத்தான், சத்தியமாக என்றாள். வில்லை போன மூலையில் அடுப்பு சாய்ந்து, சட்டி ஓரத்துக்கு நகர்ந்தது. கென்ட்ரா கை அலம்பிவிட்டு வருவதற்குள் அம்மா எதையோ நாலாய், எட்டாய் மடித்து, மாமா நெம்பித் தூக்கிய அடுப்புக் காலின் கீழே செருகிக்கொண்டிருந்தாள். பழுப்புக் கோடுகள் ஓரத்தில் தெரிந்தன.

“அம்மா! அது என் வரைபடம்! அலுவலகத்துலேர்ந்து கேட்டு வாங்கிட்டு வந்தது!”

அம்மா சட்டியை நடுவுக்குத் தள்ளி, சாயவில்லை என்று உறுதி செய்துகொண்டாள்.

“அதுலதான் நம்ம ரோடே இல்லயேடி,” என்றாள். “வேற எதுக்கு ஆகும்?”